கம்பத்துத் திராட்சையும் காஞ்சித் தறியும்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக் குடியானவர்கள் நெடுங்காலமாக ஒரு கோரிக்கையைச் சொல்லி வருகிறார்கள். விலை விழுந்த நாட்களில் பறிகூலிக்கும் கட்டாத பழத்தை என்ன செய்வது? அதை ஒயினாக வடிக்க நம் ராஜ்யத்திலேயே வழி செய்யவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தேர்தல் காலத்தில் இதற்குச் செவி கிடைக்கிறது, பின்னர் கிடைப்பதில்லை. இப்போது படித்த நகரவாசிகள் சிலரும் இந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். பெரிய ஆலை வேண்டாம். நாசிக்கிலும் கர்நாடகத்திலும் உள்ளதுபோல், வருஷத்துக்குச் சில ஆயிரம் புட்டிகள் மட்டும் வடிக்கும் சிறு சாலைகள் போதும். தோட்டக்காரனே தன் பழத்திலிருந்து சிவப்பு ஒயின் செய்து விற்கட்டும். இதுவும் ஒரு கைத்தொழில்தானே என்று அவர்கள் கேட்கிறார்கள்.

மதுவிலக்கை ஒருநாளும் கைவிடாத நமக்கு இக்கேள்வி சங்கடமானதே. அதனாலேயே இதைத் தட்டிக் கழிக்காமல் எடுத்துப் பேச விரும்புகிறோம். பேசுவதற்குக் காஞ்சீபுரத்தைவிடத் தகுந்த இடம் வேறில்லை. சிறு உற்பத்தி என்றால் என்ன, அதன் லாபம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதைத் தறிக்குழியில் கால் வைத்து அறிந்த ஊர் இது. குடியைப் பற்றியும் இவ்வூருக்குப் பழைய அனுபவம் உண்டு.

ஏழாம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாஸம்' என்று ஒரு பிரஹசனம் எழுதினான். கதை நடப்பது அவனுடைய தலைநகரமாகிய இந்தக் காஞ்சியிலேதான். சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையுடன் மது மயக்கத்தில் வீதியில் தள்ளாடி வருகிறான். கள்ளுக்கடையைக் கண்டதும் அவனுக்கு அது யாகசாலையாகவே தோன்றுகிறது. கையிலிருந்த கபாலத்தைக் காணோம். எங்கே வைத்தோம் என்பது நினைவில்லை. வழியில் வந்த பௌத்த பிக்ஷுவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். அந்தப் பிக்ஷுவோ, மதுவைப் புத்தர் தடுத்திருக்கவே மாட்டார், கிழட்டுப் பிக்ஷுக்கள் சேர்ந்து மூலநூலை மறைத்துவிட்டார்கள் என்று மனத்துக்குள் புலம்பிக்கொண்டு வருகிறவன்! கடைசியில் பார்த்தால் கபாலத்தை, அதிலிருந்த மாமிசத்துக்காக, ஒரு நாய் கவ்விக்கொண்டு போயிருக்கிறது. காஞ்சிக்குத் தெற்கே உள்ள மாமண்டூர்க் குகைக் கல்வெட்டில் இந்நாடகத்தின் பெயர் காண்கிறது. 1917இல் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரத்தில் இதை அச்சிட்டு வெளிப்படுத்தினார். ராஜாவே தன் ஊர்க் குடிகாரர்களை மேடையேற்றி ஊரார் முன் சிரிக்கவைத்த இந்தத் துணிவை நாம் மெச்சுகிறோம். அவனுக்கு அந்தத் துணிவு இருந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. அந்தக் கடை அவனுடையதன்று.

இன்று கடை யாருடையது என்பதை நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. எனினும் அது சர்க்காரின் கைக்கு வந்த வழியைச் சிறிது நினைவூட்டுவது அவசியம். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. கள் வருமானம் போனால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் ஏது என்று கேட்டவர்களுக்கு விடையாக, அந்த நஷ்டத்தை ஈடுசெய்வதற்கென்றே, 1939இல் பொது விற்பனை வரி பிறந்தது. இந்தியாவிலேயே முதலாவதான வரி அது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுதும் பரவியது. காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை 1967இல் முதன்மந்திரியானபோது, பணமுடை கழுத்தைப் பிடித்த நிலையிலும் மதுவிலக்கைத் தளர்த்த இசையவில்லை. 1953இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்த காலத்தில் திருச்சி வீதிகளில் துணியைத் தோளில் சுமந்து விற்றவரும் அவரே. அவர் மறைந்து இரண்டு வருஷங்கள் கழித்து, 1971இல், கடைகள் திறந்தன. 1974இல் மூடி, 1981இல் மறுபடியும் திறந்தன. 1983இல் மொத்த வியாபாரத்துக்கென்று தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றிற்று; 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023 ஜூனில் 5,329 கடைகளில் 500ஐ மூடினார்கள். ஆனால் வருமானம் மூடவில்லை. 2022-23இல் 44,121 கோடி ரூபாயாக இருந்தது, 2024-25இல் 48,344 கோடியாக ஏறியது. மதுவிலக்கின் நஷ்டத்தை ஈடுகட்டப் பிறந்த விற்பனை வரியும் இருக்கிறது, மதுவும் இருக்கிறது. இரண்டு பக்கமும் வசூல் செய்கிற இந்த சாமர்த்தியத்தை ராஜாஜி கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

இனி ஒயினுக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்தில் வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவரிடம் இவ்விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "ஒயின் ஷாப்பு, ஒயின் ஷாப்புன்னு நாப்பது வருஷமாச் சொல்றோமுங்க ஐயா. அதுல ஒருத்தன் ஒயின் வாங்கிட்டு வந்து நான் பார்த்ததில்லையே" என்றார் அவர். நாம் சிரித்தோம், ஆனால் உண்மை முழுதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. பலகையில் எழுதியிருந்தது ஒயின். உள்ளே விற்றது கரும்புப் பாகுக் கழிவிலிருந்து எடுத்த சாராயம். அதற்குச் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் வழங்கும் பெயரைக் கவனியுங்கள்: இந்தியாவில் தயாராகும் அயல்நாட்டு மது! சுதேசி, விதேசி என்ற பேதத்தையே கேலி செய்வதற்கென்று யாரோ வேலைமெனக்கெட்டுச் செய்த பெயர் போலிருக்கிறது. அந்தப் புட்டியில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம்; திராட்சை ஒயினில் பன்னிரண்டு முதல் பதினான்கு பங்கு. அளவு பேதம் உண்மையே. ஆனால் அதைக் கொண்டு ஒயின் உடம்புக்கு நல்லது என்று வாதிப்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. உடம்புக்குக் கேடில்லாத குடியளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது.

அப்படியானால் இதைப் பற்றி ஏன் பேசவேண்டும்? அதன் தொழில்முறையைப் பார்த்தால் விளங்கும். கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் வரும் சாறு பெரும்பாலும் வெளிறியதே. சிவப்பு முழுதும் தோலில் இருக்கிறது. ஆகவே சிவப்பு ஒயின் செய்கிறவன் பழத்தை நசுக்கித் தோலோடும் விதையோடும் தொட்டியிலிட்டுப் புளிக்கவிடுகிறான். நுரைமம் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிறது. கிளம்பும் வாயு தோல்களை மேலே தள்ளிப் பாய் விரித்தாற்போல் மூடிக்கொள்கிறது. அந்தத் தோல்பாயை ஒரு நாளில் பலமுறை கீழே அழுத்தி நனைக்கவேண்டும். விட்டால் காடியாகும்; சூடு ஏறினால் மணம் போய்விடும். ஒன்று இரண்டு வாரம் இப்படிக் காத்திருந்து, நிறமும் துவர்ப்பும் இறங்கியபின் பிழிந்து, ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் ஆறவைக்கிறார்கள். ஒரு பீப்பாய்க்கு 225 லிட்டர், அதாவது 300 புட்டி. புட்டி ஒன்றுக்குக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பழம் பிடிக்கும். பத்துப் பீப்பாய் வைத்திருக்கிறவன் மூவாயிரம் புட்டிக்காரன்; அவன்தான் சிறு உற்பத்தியாளன். ஒவ்வொரு பீப்பாயையும் மோந்து பார்த்து, எதை எதனோடு கலப்பது என்று தானே தீர்மானிக்கிறான். பாவில் கை வைத்த மாத்திரத்தில் முறுக்கு இளகியிருப்பதைக் கண்டுபிடிக்கும் நம் நெசவாளருக்கு இது புதிதாகத் தோன்றாது.

தோட்டத்திலும் அப்படியே. குளிர்நாட்டுக் கொடி குளிர்காலத்தில் தானே உறங்கி விழிக்கும். நம் சீமையில் அதற்கு உறக்கம் இல்லை. கவாத்துக் கத்தரியால்தான் உறங்கச் செய்யவேண்டும். நாசிக்கில் ஏப்ரலில் ஒருமுறையும் மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் வெட்டி, பிப்ரவரி மார்ச்சில் ஒரே அறுவடை எடுக்கிறார்கள். ஒயினுக்கு வளர்ப்பவன் அந்த ஒரே அறுவடையிலும் பாதிக் குலையைக் கிள்ளி எறிகிறான். மிஞ்சிய குலைகளில் சாரம் ஏறவேண்டும் என்பது அவன் கணக்கு.

கம்பத்தின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. அங்கே வளர்வது பன்னீர்த் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் மேல்நாட்டுப் பெயர். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று அங்கே வழங்குகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய கிராமங்களில் ஏறக்குறைய 2,000 ஏக்கரில் வருஷம் முழுதும் ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். இந்தியாவில் வேறெங்கும் காணாத விசேஷம் என்று அவர்கள் பெருமையுடன் சொல்வது இதையே. நீரும் வெயிலும் தடையின்றிக் கிடைப்பதால் கொடி ஓயாமல் காய்க்கிறது. ஓயாமல் காய்ப்பதாலேயே மழை பெய்த வாரத்தில் பழம் வெடிப்பதும், வடக்கேயிருந்து விதையில்லாத் திராட்சை வந்து குவியும் மாதங்களில் விலை சரிவதும் தவறாமல் நடக்கின்றன. பன்னீர்த் திராட்சையின் தோல் மெல்லியது. நாள் கணக்கில் தாங்காது. பறித்த குடியானவன் தரகன் சொன்ன விலைக்குத் தலையாட்டவேண்டியவனாகிறான்.

இந்தப் பழத்தில் சிவப்பு ஒயின் வருமா? வரும், ஆனால் நிறமும் துவர்ப்பும் குறைவாகவும், ரோஜா மணம் மிகுதியாகவும் வரும். ஷிராஸ், கேபர்னே சாவிஞான் போன்ற பிரெஞ்சுத் திராட்சைகளின் கனம் இதற்கில்லை. சீனாவில் தியான்ஜின் நகரைச் சுற்றி இதே பழத்தைப் பயிர்செய்து வெள்ளை ஒயினாகவே வடித்துப் பெயரெடுத்தார்கள். ஆகையால் கம்பத்துப் பழத்தை அப்படியே தொட்டியில் கொட்டினால் பொன்னாகும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முதலில் ஒரு கொடிக்கு இத்தனை குலை என்று கட்டுப்படுத்த வேண்டும்; அல்லது வேறு கொடி நடவேண்டும். நட்டால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வருஷம் அவன் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடியின் கேள்விக்கு அங்கே விடை கிடைக்கும். அடுப்பின் கேள்விக்குக் கிடைக்காது.

ஒயின் வடித்த மற்ற ராஜ்யங்களில் நடந்ததையும் பார்ப்போம். 1988இல் பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் குரோவர் குடும்பத்தார் பிரெஞ்சுக்காரர் துணையுடன் கொடி நட்டார்கள். 1999இல் நாசிக்கில் குடும்ப நிலத்தில் சூலா தோன்றிற்று. 2001இல் மகாராஷ்டிர சர்க்கார் திராட்சை பதனிடும் கொள்கை ஒன்றை வெளியிட்டுக் கலால் சலுகையும் அளித்தது. 2007இல் கர்நாடகம் பின்பற்றிற்று. சாலைகள் மளமளவென்று பெருகின. ஒயின் திராட்சைக்கு உத்தரவாத விலை உண்டென்று கேட்ட குடியானவர்கள் சாப்பாட்டுத் திராட்சையைப் பிடுங்கிவிட்டு அதை நட்டார்கள். 2008இல் உலகெங்கும் வியாபாரம் படுத்தது. அடுத்த இரண்டு வருஷங்களில் வாங்குவாரில்லாமல் பழம் தேங்கிற்று. பெரிய கம்பெனி ஒன்று கடனில் மூழ்கிற்று. நட்ட கையாலேயே கொடியைப் பிடுங்கி எறிந்தவர்கள் பலர். ஒயின் பழம் மேஜைக்கு உதவாது. சிறியது, விதை நிறைந்தது. சாலைக்காரன் வேண்டாம் என்றால் குடியானவனுக்கு வேறு சந்தை இல்லை. சூலா பிழைத்து வளர்ந்தது. 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. அதே வருஷம் ஜனவரியில், குடியானவன் நலனுக்காக என்று சொல்லி, பெரிய மளிகைக் கடைகளிலும் ஒயின் விற்கலாமென்று மகாராஷ்டிர மந்திரி சபை முடிவு செய்தது. எதிர்ப்பு மூண்டு, அது கிடப்பில் போயிற்று.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. 'சிறு உற்பத்தி' என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டு வேறு மனிதர்கள் நிற்கக்கூடும். ஒருவர், வேறு தொழிலில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு அழகான மலைச்சரிவில் நிலம் வாங்கி, நண்பர்களுக்கும் நட்சத்திர ஹோட்டல்களுக்கும் ஒயின் வடிக்கிறவர். மற்றவர், இரண்டு ஏக்கரில் பந்தல் போட்டு, தரகனிடம் முன்பணம் வாங்கி, மழைக்கு அஞ்சிக்கொண்டிருக்கிறவர். முன்னவர் பெயரால் சலுகை கேட்பதற்குப் பின்னவரின் கண்ணீரைக் காட்டுகிறார்கள்.

காஞ்சிக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓட, பக்கத்தில் ஒரு ஆள் துணைநிற்க, கோர்வை போட்டு நெய்கிற சேலை பத்து நாளுக்கு மேல் தறியில் கிடக்கிறது. பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. கை மட்டும் காஞ்சியினுடையது. 2005-06இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் வருஷச் சட்டமும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறிப் போலி காஞ்சிப் பட்டு என்ற பெயரிலேயே கடைகளில் தொங்குகிறது. முத்திரையும் சட்டமும் சரக்கைக் காக்கலாம். நெய்தவனைக் காத்தது, காத்த மட்டில், கூட்டுறவுச் சங்கமே. இந்தியாவில் நகரக் கூட்டுறவு நாணயச் சங்கம் முதன்முதல் பதிவானது 1904 அக்டோபரில், இதே காஞ்சீபுரத்தில் என்பதை நம் இளைஞர்கள் பலர் அறியார். நூல் சங்கத்தினுடையது, தறி தன்னுடையது, சேலை விற்ற லாபத்தில் போனஸ் உண்டு என்ற நிலை வந்தபின்தான் நெசவாளி முதலாளி வீட்டுத் திண்ணையில் காத்திருப்பது குறைந்தது. சங்கங்களில் ஊழல் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. திண்ணைக்குத் திரும்புவதற்கு அது காரணமாகாது.

ஒயின் விஷயத்திலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. தெற்கு பிரான்ஸில் மரோஸான் என்னும் கிராமத்துச் சிறு தோட்டக்காரர்கள் 1901இல் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்து, வியாபாரிகளை விலக்கிப் பாரிஸ் தொழிலாளரின் பண்டகசாலைகளுக்கே தங்கள் ஒயினை அனுப்பினார்கள். 1905இல் ஜான் ஜோரேஸ் நேரில் சென்று பார்த்துப் பாராட்டினார். மற்றக் கிராமங்களுக்கு அந்தப் புத்தி வருவதற்குள் 1907 வந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீரைப் புளிக்கவைத்து ஒயின் என்று விற்றவர்களாலும், மிதமிஞ்சிய விளைச்சலாலும் விலை தரைமட்டமாகி, லட்சக்கணக்கான தோட்டக்காரர்கள் மோன்பெலியே நகர வீதிகளில் திரண்டார்கள். பதினேழாவது படைப்பிரிவில், அந்தத் தோட்டக்காரர்களின் பிள்ளைகளே சிப்பாய்களாயிருந்ததால், படையினர் கலகம் செய்தார்கள். கலப்பட ஒயினைத் தடுக்கும் சட்டம் அந்த ஜூன் மாதக் கடைசியில் நிறைவேறிற்று. அதன் பிறகே அந்தச் சீமையில் ஊருக்கு ஊர் கூட்டுறவு ஒயின்சாலை எழுந்தது.

பட்டையும் மதுவையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே என்று நேயர்கள் நம்மைக் கடிந்துகொள்ளலாம். நியாயமே. பட்டுச் சேலையால் கெட்ட குடும்பம் கடன்பட்டுக் கெட்டிருக்கலாம், அடிபட்டுக் கெடவில்லை. சம்பள நாளில் தறிக்காரத் தெருவின் முனையிலுள்ள கடைக்கு முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வேற்றுமையை விளக்கவேண்டியதில்லை. ஆகையால் இதை ஒரு புதிய வருமான வாயிலாக நினைத்துச் சர்க்கார் தொடுமானால் நாம் முதல் ஆளாக எதிர்ப்போம். கம்பத்தில் முன்னரே ஓர் ஆலை எழுந்ததுண்டு. விற்பனை ஏகபோகம் இருக்கும்வரை அதன் ஒயினுக்கும் சர்க்கார் கடையே வாசல். பிராந்திக்கும் பீருக்கும் பின்னால் மூலையில் நின்ற புட்டியால் குடியானவனுக்கு என்ன விமோசனம் வந்துவிடும்?

ஆயினும், நாற்பத்தெட்டாயிரம் கோடி ரூபாய்க்குச் சாராயம் விற்கும் ஒரு சர்க்கார், சொந்தப் பழத்தைச் சொந்தச் சங்கத்தில் வடிக்க விரும்பும் குடியானவனைப் பார்த்து 'மது பாவம்' என்று சொல்லும் யோக்கியதையை இழந்துவிட்டது என்பதையும் நாம் மறைக்க முடியாது. அரசியல் சாஸனத்தின் 47ஆவது பிரிவை அது மேற்கோள் காட்டட்டும், நாமும் கேட்கிறோம். ஆனால் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து காட்டட்டும். அதுவரையில் நாம் கேட்பது இது. அனுமதி கொடுப்பதானால் நிலத்தில் பாடுபடும் தோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கே கொடுக்கவேண்டும். வெளியிலிருந்து பழம் வாங்கி வடிப்பவனுக்குக் கூடாது. அளவுக்கு உச்சவரம்பு வேண்டும். விற்பனை தோட்டத்து வாசலோடு நிற்கவேண்டும். தறிக்காரத் தெருவுக்கும் மில் வாசலுக்கும் ஒரு புட்டியும் வரக்கூடாது. அதிலிருந்து கலால் கஜானாவுக்கு ஒரு காசும் போகவேண்டாம். பணம் வராத இடத்தில் சர்க்காருக்குக் கடை பெருக்கும் ஆசையும் வராது. இதே சங்கம் சாறாகவும் உலர்ந்த பழமாகவும் ஜாமாகவும் முதலில் செய்யட்டும். குளிர்பதனக் கிடங்கு ஒன்று இருந்தாலே, விலை விழுந்த மாதத்தில் தரகனுக்கு எதிரே குடியானவனால் நிமிர்ந்து நிற்க முடியும். ஒயின் அதற்கு அப்புறம் வரட்டும். வராவிட்டாலும் நமக்கு வருத்தமில்லை.

வருஷந்தோறும் மானியக் கோரிக்கையின்போது மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் கொள்கைக் குறிப்பைச் சட்டசபையில் வைக்கிறார்கள். மதுவிலக்கு என்ற பெயரில் வரும் அந்தப் புத்தகத்தில் விற்பனைத் தொகை பைசா சுத்தமாக அச்சாகியிருக்கும். இந்த முறை அது வெளிவந்ததும், கம்பம் தொகுதியின் பிரதிநிதியும் காஞ்சீபுரம் தொகுதியின் பிரதிநிதியும் எழுந்து, திராட்சை என்ற சொல் இதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மந்திரியைக் கேட்கவேண்டும் என்று நாம் இருவரையும் கேட்டுக்கொள்கிறோம்.